லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லையாம், அதனால் அரிசியும் இல்லையாம்

 

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை என்று எங்கிருந்து வாசித்தாலும், கொஞ்சம் நேரம் எடுத்துக் கடைசி வரை வாசியுங்கள். நீளமான பதிவுதான். சுருக்கமாகச் சொல்லிச் சொல்லித்தான் மூன்று கிழமை போய்விட்டது.

நிவாரண உணவுக் களஞ்சியத்தில் பாவிக்கும் ஆப்பைப் புதுப்பிக்கப் போகிறார்கள். புதிய வடிவத்தின் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நிறம் மாறியிருக்கிறது. முதல் பக்கத்தில் இலங்கைப் படம், பக்கத்தில் வட்டமாக ஒரு கணக்கு: வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, "பயனாளிகள்" இத்தனை பேர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் களஞ்சியத்தில் நிற்பவர்கள் கேட்ட ஒரு விஷயம்கூட அதில் இல்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுக் கூரை ஒழுகலை அப்படியே விட்டமாதிரி.

ரமழான் நெருங்குகிறது. உலருணவுப் பொதிகளும் இதே களஞ்சியத்துக்கு வந்து, இதே ஆப்புக்குள்தான் பதியப்படப் போகின்றன. ஆகவே இப்போதே பேச வேண்டும்.

நாங்கள் என்று இங்கே சொல்வது யாரை? பள்ளிக்கூடம் விட்டதும் லொறி இறக்கப் போகும் சில ஆசிரியர்கள், டவுனில் கடை வைத்திருக்கும் சில நானாமார், தோட்டத்துத் தம்பிமார் சிலர், கணக்கு எழுதும் இரண்டு டீச்சர்மார். ஆப்பைக் கொடுத்த அமைப்பின் பெயரை இங்கே எழுத மாட்டோம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாமான் அனுப்பினார்கள், லொறி வாடகை கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். எங்கள் சண்டை ஆட்களோடு அல்ல, ஒரு பழக்கத்தோடு. மலையகத்துக்கு என்ன தேவை என்பதை மலையகத்துக்கு வெளியே உட்கார்ந்து தீர்மானிக்கும் அந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்தது. பாதைகள் போயின, கரண்ட் போனது, போன் செத்தது. பாதை திறந்ததும் நாலா பக்கமிருந்தும் லொறிகள் வந்தன. காலி, பேருவளை, அக்குறணை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் அனுப்பினார்கள். முதல் நாட்களில் நாங்கள் சீ.ஆர். கொப்பியில்தான் கணக்கு எழுதினோம். இரண்டு கொப்பி நிறைந்து மூன்றாவது தொடங்கியபோது ஆப் வந்தது. சந்தோஷப்பட்டோம். கொப்பியில் கூட்டல் கழித்தல் செய்து யாருக்கும் இரவில் தூக்கம் இருக்கவில்லை.

எனவே, "இவர்கள் டெக்னொலொஜிக்கு எதிரானவர்கள்" என்று யாரும் கொமென்ட் போட வேண்டாம். ஆப் வேண்டும். ஆனால் சோறு கொடுக்கிற ஆப் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு குடும்பத்தைப் பதிவதற்கு ஆப் கேட்பது: முதற்பெயர், குடும்பப் பெயர், வீட்டு இலக்கம், வீதி, அடையாள அட்டை இலக்கம். ஐந்தும் கட்டாயம். ஒன்றை வெறுமையாக விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. இந்த ஐந்தையும் யோசித்தவர் ஒரு லயத்தைத் தூரத்திலிருந்தாவது பார்த்திருப்பாரா?

லயத்துக்கு வீதி கிடையாது. பெரும்பாலான லயக் காம்பராக்களுக்குத் தபால் முகவரியில் வீட்டு இலக்கமும் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர், அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய் அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும், சில நேரம் சேராது. பல்கலைக்கழகக் கடிதம் பிந்திக் கிடைத்த பிள்ளைகளை எங்கள் பாடசாலையிலேயே பார்த்திருக்கிறோம். ஒரு டிவிஷனில் 100 குடும்பம் இருந்தால் நூற்றுக்கும் ஒரே முகவரி.

அடுத்தது குடும்பப் பெயர். எங்கள் நாட்டுத் தமிழருக்கு அப்படி ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக வரும். "எஸ். லெட்சுமி" என்று ஒரே டிவிஷனில் மூன்று பேர் இருக்கலாம். எங்கள் முஸ்லிம் ஆட்களை எடுத்தால் ஆண்களில் பாதிப் பேருக்கு முதற்பெயர் முஹம்மத். இனி ஆப் என்ன செய்கிறது? பெயரும் முகவரியும் ஒன்றாக இருந்தால் "ஏற்கெனவே வழங்கப்பட்டது" என்று சிவப்பில் காட்டிப் பூட்டிக்கொள்கிறது. திறக்க வேண்டுமென்றால் கொழும்புக்கு எழுதி அனுமதி வர வேண்டும். முதல் லெட்சுமிக்கு அரிசி கிடைக்கும். இரண்டாவது லெட்சுமியும் மூன்றாவது லெட்சுமியும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் பையோடு மலை ஏறிப் போக வேண்டும். பொய் சொல்லி இரண்டாம் தரம் வாங்க வந்தவள் என்ற பார்வையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

இந்த ஆப்பில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு 100 வீதம் வெற்றி. வாசலில் நிற்கிற எங்களுக்குத்தான் திரும்பிப் போன முகங்கள் தெரியும்.

இதற்கு அவர்கள் சொன்ன பதில்: "தோட்டக் கந்தோரிலிருந்து பட்டியல் எடுத்துத் தாருங்கள், நாங்களே ஏற்றிவிடுகிறோம்." தோட்டக் கந்தோரில் இருப்பது செக்றோல். அதில் இருப்பது வேலைக்குப் பேர் பதிந்தவர்கள். தோட்டத்தில் வசிப்பவர்களில் இன்று தோட்டத்து வேலை செய்பவர்கள் குறைவு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் ஆடைத் தொழிற்சாலையில். மருமகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. லயத்தில் இருப்பது பென்ஷன் இல்லாத தாத்தாவும் பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும். செக்றோலில் அவர்கள் இல்லை. மண் சரிந்தபோது மண் செக்றோல் பார்த்தா சரிந்தது?

அடையாள அட்டை பற்றி ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினையை முடித்துவைக்க 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. இடையில் 55 வருடம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அட்டையில் இன்னொரு மாதிரி, செக்றோலில் மூன்றாவது மாதிரி என்று இருப்பது அவர்கள் குற்றமல்ல. அதற்கு மேல், மண் சரிவில் வீட்டோடு அட்டையும் போனவரிடம் அட்டை இலக்கம் இல்லாமல் பருப்பு இல்லை என்று சொல்வதை எந்த வாயால் சொல்வது?

எங்கள் யோசனை ஒன்று இருக்கிறது, புதிதும் அல்ல. தோட்டத்தில் குடும்பத்தை எப்படி எண்ணுவார்கள் என்று கங்காணி ஐயாமாரிடம் கேட்டால் சொல்வார்கள்: அடுப்பை எண்ணு. ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். இரண்டு காம்பராவில் ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம். டிவிஷன், எத்தனையாவது லயம், எத்தனையாவது காம்பரா, எந்த அடுப்பு, எத்தனை வாய். இந்த ஐந்தும் போதும். சந்தேகம் வந்தால் ஆப் மஞ்சளில் எச்சரிக்கட்டும், பூட்ட வேண்டாம். தீர்மானத்தை அந்த டிவிஷனைத் தெரிந்த ஆளிடம் விடட்டும்.

"எத்தனை வாய்" என்று சொன்னோம். இதுதான் இரண்டாவது சண்டை.

ஆப்புக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று: "ஒரு குடும்பம், ஒரு பொதி". பொதிக்குள் 5 கிலோ அரிசி, பருப்பு, சீனி, டின் மீன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். அனர்த்த காலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி வேண்டும் என்று திட்டமிடச் சொல்கிறது நிவாரண உதவிக்கான ஸ்பியர் நியமம். ஒரு கிலோ பச்சை அரிசியில் ஏறக்குறைய 3,600 கலோரி. 5 கிலோவில் 18,000. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 6,300 வேண்டும், அரிசியை மட்டும் வைத்துக்கொண்டாலே கிட்டத்தட்ட மூன்று நாள் தள்ளலாம். ஒன்பது பேர் உள்ள வீட்டுக்கு 18,900 வேண்டும். ஒரு நாளுக்கும் போதாது. இரண்டு வீட்டுக்கும் ஆப்பில் ஒரே பச்சை அடையாளம், "வழங்கப்பட்டது".

எங்கள் மார்க்கத்தில் இதற்கு ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஸகாத்துல் ஃபித்ரை எப்படி அளக்கிறோம்? வீட்டுக்கு ஒன்று என்றா? தலைக்கு ஒரு ஸாஉ. ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. கைக்குழந்தைக்கும் சேர்த்து. ஒன்பது பேர் உள்ள வீடு ஒன்பது பேருக்கும் அளக்க வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன் உரியவர் கைக்குப் போய்விட வேண்டும் என்று நேரமும் குறித்தாகிவிட்டது. ஆளை எண்ணி அளப்பது, உரிய நேரத்துக்குள் கொண்டு சேர்ப்பது. ஒரு களஞ்சிய ஆப்புக்கு வேறென்ன வேண்டும்? அளந்து கொடுக்கும்போது தலையை எண்ணும் நாங்கள், பங்கிடும்போது மட்டும் கதவை எண்ணுவது எப்படிச் சரியாகும் என்று ஜமாஅத் நிர்வாகிகளும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனிக் களஞ்சியத்துக்கு உள்ளே போவோம். ஆப்பின் மிகப் பெரிய ஓட்டை அங்கேதான்.

சாமானை அது "மூட்டை" கணக்கில் பதிகிறது. 25 கிலோ மூட்டையும் ஒன்று, 10 கிலோவும் ஒன்று, 5 கிலோப் பையும் ஒன்று. 25 கிலோ மூட்டை ஒன்று வெளியே போய் அந்த இடத்தில் 5 கிலோப் பை ஒன்று வந்து உட்கார்ந்தால் ஆப் "சரி" என்று சொல்லும். வாசலில் வந்து நிற்கும் லெட்சுமியைக் கள்ளி என்று சந்தேகிக்கத் தெரிந்த ஆப்புக்கு, உள்ளே 20 கிலோ காணாமல் போனால் தெரியாது! கொழுந்து நிறுக்கும் தராசில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோக்கள் கழிபடுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மக்கள் இவர்கள். நிறை என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கிலோவில் பதியுங்கள் என்று அவர்கள்தான் முதலில் கேட்டார்கள்.

காலாவதித் திகதி பதிய இடம் இருக்கிறது, ஆனால் எதை முதலில் வெளியே அனுப்புவது என்று ஆப் சொல்லாது. கடைசியாக வந்தது வாசலுக்குக் கிட்ட இருக்கும், அதுவே முதலில் போகும். பழையது பின்னால் கிடந்து வண்டு பிடிக்கும். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எந்த நானாவைக் கேட்டாலும், முதலில் கெடுவது முதலில் போக வேண்டும் என்று சொல்வார். அவர் ஆப் படித்தவர் இல்லை, கைக்காசு போட்டவர்.

குழந்தைகளுக்கான பால்மாவையும் ஆப் மற்றச் சாமான்போல எல்லோருக்கும் பங்கிடுகிறது. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்குப் பால்மா டின்னைக் கையில் திணிப்பது உதவி அல்ல. இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 1981இல் ஒரு சர்வதேச ஒழுங்குக் கோவை வைத்திருக்கிறது. சுத்தமான தண்ணீர் இல்லாத முகாமில் போத்தல் பால் என்றால் வயிற்றோட்டம்தான். அது குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் பார்த்துச் சொன்னவருக்கு மட்டும் போக வேண்டிய சாமான். ஆப்பில் அதற்குத் தனிப் பூட்டு வேண்டும். பூட்டு வேண்டிய இடம் அது, லெட்சுமி அல்ல.

அடுத்தது, என்ன வேண்டும் என்று கேட்கிற பக்கமே இந்த ஆப்பில் இல்லை. மேலே இருப்பவர் அனுப்புவார், கீழே இருப்பவர் வாங்குவார். ஒரு நாள் லொறி நிறைய உருளைக்கிழங்கு வந்தது. எங்கிருந்து? சமவெளியிலிருந்து. எங்கே? நுவரெலியா மாவட்டத்துக்கு! சிரிக்காதீர்கள், அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்பினார். அதே கிழமை தோட்டத்து ஆட்கள் கேட்டது கோதுமை மா. காலையில் ரொட்டி சுட்டு, சம்பல் வைத்துச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற சனம். மா களஞ்சியத்துக்கு வரவே இல்லை, ஏனென்றால் கேட்பதற்கு ஆப்பில் இடம் இல்லை.

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய உணவு வங்கி வலையமைப்பான ஃபீடிங் அமெரிக்காவிலும் இருந்தது. தேவையைக் கணித்து வரிசை போட்டு, முறை வந்த உணவு வங்கிக்குக் கையில் இருக்கும் சரக்கை "எடுக்கிறாயா, இல்லையா" என்று நீட்டுவார்கள். அந்த ஊரில் ஏற்கெனவே என்ன கிடைக்கிறது என்று தலைமைக்குத் தெரியாது. 2005இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்களையும் உணவு வங்கிகளை நடத்துபவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் அது பார்க்கும் ஏழைகளின் அளவுக்கு ஏற்பப் புள்ளிகள். நாளுக்கு இரண்டு தடவை ஏலம். வேண்டியதற்குக் கூடுதல் புள்ளி வைக்கலாம். யாருக்கும் வேண்டாத சரக்கை எடுத்துப் போனால் மேலதிகப் புள்ளிகூடக் கிடைக்கும். சின்ன வங்கிகள் கடனாகப் புள்ளி எடுக்கலாம். நாங்கள் இங்கே ஏலம் போடச் சொல்லவில்லை, நாலு டிவிஷனுக்கு அது தேவையும் இல்லை. அவர்கள் திரையின் நிறத்தை மாற்றுவதோடு நிற்கவில்லை, யார் தீர்மானிப்பது என்பதை மாற்றினார்கள் என்பதைத்தான் சொல்கிறோம். இங்கே அதற்கு ஒரு பக்கம் போதும்: இந்தக் கிழமை எங்கள் டிவிஷனுக்கு மா இத்தனை கிலோ, கடலை இத்தனை, உருளைக்கிழங்கு வேண்டாம்.

இன்னும் கிட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது கோபமே வருகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இதே இலங்கையில், இலங்கைக் கணினித் துறை இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் இரவு பகலாக உட்கார்ந்து ஒரு நிவாரண மென்பொருளைச் செய்தார்கள். பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள் வரும் சொல்லிலிருந்து வைத்த பெயர். காணாமல் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் எல்லாவற்றையும் பதிவது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை முன்னெடுத்தது. யாரும் எடுத்துத் திருத்திப் பாவிக்கலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்தார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்குப் போனது. 2006இல் பிலிப்பைன்ஸில் ஒரு மலை சரிந்து கின்சாகொன் என்ற கிராமத்தையே மூடியபோது அங்கே போனது. 2010 ஹெய்ட்டிக்கும் போனது. இடையில் அதை அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள். அந்தப் புதிய வடிவத்தில் களஞ்சியக் கணக்கும் இருக்கிறது, தேவை கேட்கும் பக்கமும் இருக்கிறது.

மலை சரிந்த பிலிப்பைன்ஸ் கிராமத்துக்கு இலங்கை மூளை போனது. மலை சரிந்த இலங்கைத் தோட்டத்துக்கு வந்தது, ஒரு கட்டத்தைக்கூட நாங்கள் திருத்த முடியாத பூட்டிய ஆப். இது என்ன நியாயம்? அதே சஹானாவைத்தான் பாவியுங்கள் என்று அடம்பிடிக்கவில்லை. திருத்தும் உரிமையையாவது களஞ்சியத்துக்குத் தாருங்கள்.

பாஷை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிவிட்டது. ஆப்பிலும் "தமிழ்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமத்திப் பாருங்கள். களஞ்சிய இருப்புக்குப் "பங்குச் சந்தை" என்று வருகிறது. சாமானை அனுப்பும் பொத்தானில் "கப்பல்" என்று எழுதியிருக்கிறது. பொகவந்தலாவைக்குக் கப்பல் விடுகிறோம், மாஷா அல்லாஹ்! மெஷின் மொழிபெயர்த்ததை ஒரு மனிதன் ஒரு தடவை வாசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். லொறி இறக்கும் தம்பி அந்தத் தமிழைப் பார்த்துப் பயந்து ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, சின்னப் படங்களைப் பார்த்துக் குத்துமதிப்பாக அமத்துகிறான். பிழை வந்தால் அவன் தலையில். மொத்தம் 60 சொல் இருக்காது. எங்கள் டீச்சர்மார் இரண்டு பேரும் ஒரு பின்னேரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். புதிய வடிவத்தின் படத்திலும் கப்பல் அப்படியே நிற்கிறது.

சிக்னல் பற்றி ஒரே வரி: டேட்டா இல்லாவிட்டால் வேலை செய்யாத ஆப் புயலுக்கு உதவாது. போனில் பதிந்துவிட்டு ஹட்டன் டவுனுக்கு வந்ததும் ஏற்றும் வசதி வேண்டும், எல்லாம் செத்துப்போனால் அச்சடித்த தாள் ஒன்று வேண்டும்.

அடுத்தது படம். பொதியைக் கையில் கொடுத்து, முகம் தெரியப் படம் எடுத்து ஏற்றினால்தான் "வழங்கப்பட்டது" என்று ஆப் ஒத்துக்கொள்ளும். கழுத்தில் தொங்கவிட ஒரு கியூஆர் அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்குத் தோட்ட இலக்கம் அடித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தகரத்தின் கதை இன்னும் லயங்களில் பேசப்படுகிறது. ஆப் செய்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் கேட்டிருந்தால் ஒரு பாட்டி சொல்லியிருப்பார். 1973, 74 பஞ்சத்தைத் தோட்டத்தில் பார்த்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பட்டினி தெரிந்தவர்கள். அப்படி ஒரு பாட்டி கேமராவைக் கண்டதும் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, பொதி வேண்டாம் என்று திரும்பிப் போனார். ஆப்பில் அவரும் இல்லை.

மறைத்துக் கொடுப்பதன் சிறப்பை ஜும்ஆ பயானில் கேட்கிறோம். அதே களஞ்சியத்தில் ரமழான் பொதிக்கும் முகப்படம் கட்டாயம் என்றால், வாங்க வெட்கப்படும் நடுத்தரக் குடும்பங்கள் எத்தனை வராமல் இருந்துவிடும்! வாங்கியவர் படம் எதற்கு? நன்கொடையாளருக்குக் காட்ட. களஞ்சியத்தின் படத்தைக் காட்டுங்கள், லொறியைக் காட்டுங்கள், கிலோக் கணக்கைக் காட்டுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றிய நாடு இது. பசித்தவரின் முகமும் தனிப்பட்ட தரவுதான்.

"அப்படியானால் இரண்டு தரம் வாங்குவதை எப்படித் தடுப்பீர்கள்?" வட்ஸ்அப்பில் ஒரு நானா கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்கிறோம். அடுப்புக் கணக்கும் டிவிஷன் ஆளும் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியாமல் ஒரு முட்டைகூட அவிக்க முடியாது. அதையும் தாண்டி ஒருவர் இரண்டு பொதி வாங்கிவிட்டால் நட்டம் 5 கிலோ அரிசி. ஒருவர் அநியாயமாகத் திருப்பி அனுப்பப்பட்டால் அன்றிரவு ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பிழை விடத்தான் வேண்டுமென்றால் கொடுத்துப் பிழை விடுவோம்.

"இலவசமாகக் கொடுத்த ஆப்பில் குறை பிடிக்கலாமா?" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஆப் இலவசம்தான். அதற்குள் போவது மக்கள் கொடுத்த ஸகாத்தும் ஸதகாவும், சிங்களச் சகோதரர்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசும். அது அமானிதம். அமானிதத்தைப் பற்றிக் கேள்வி கேட்க யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு முதல் தவணையிலேயே சொல்லித் தந்தார்கள், பாடக்குறிப்பை ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்காதே, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்பதிலிருந்து தொடங்கு என்று. இந்த ஆப்பையும் அப்படிக் கடைசி லயத்திலிருந்து பின்னோக்கி வரைய வேண்டும். முதலில் அடுப்பு, பிறகு டிவிஷன், பிறகு லொறி, பிறகு களஞ்சியம், எல்லாம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் அந்த அழகான வட்டக் கணக்கு. அந்த முதல் பக்கத்தில் மற்ற எண்களுக்கு மேலே ஒரு எண்ணைப் போடும்படி கேட்டிருக்கிறோம்: இன்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர், ஏன். அந்த எண் பூச்சியமாகும்வரை "வெற்றி" என்ற சொல்லை ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.

ஆனால் ஆப் எழுதும் தம்பிமார் இரண்டு பேர் நேரில் வரச் சம்மதித்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு களஞ்சியத்தில் உட்காருகிறோம். ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் ஒருவர் கட்டாயம் வர வேண்டும், முடிந்தால் ஒரு பெண். லயம் எத்தனை, காம்பரா எத்தனை, அடுப்பு எத்தனை, ஆட்கள் எத்தனை என்று எழுதிக்கொண்டு வாருங்கள், பெயர் தேவையில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாராவது தெரிந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். முன்னால் வந்து பேச வெட்கமென்றால் டீச்சர்மாரிடம் சொன்னால் போதும். தம்பிமாருக்குச் சிங்களம்தான் வரும், பெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருபவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வேன் பேசியிருக்கிறோம், ஆறு மணிக்கு வெளிக்கிடும்.